பூட்டா, காவல்காரனா?

திருட்டுப் பயம் உள்ள ஊரில் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. "கதவு தேக்கு மரமாயிருக்க வேண்டும், பூட்டு திண்டுக்கல் பூட்டாயிருக்க வேண்டும். அப்புறம் கவலையே இல்லை" என்பது ஒரு கட்சி. "பூட்டு என்ன ஸார் செய்யும்? வீட்டுக்குள் யார் வருகிறார்கள், யார் கையில் எந்தச் சாவி இருக்கிறது என்று கவனித்துக் கொள்ள நம்பிக்கையான ஆள் ஒருவன் இருந்தால்தான் பொருள் தங்கும்" என்பது எதிர்க் கட்சி. இந்தப் பழைய வழக்குத்தான் புது வேஷம் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் உலகத்தில் வெகு நாளாக நடந்து வருகிறது.

கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து நாசம் செய்யும் புரோகிராம்களைத் தடுப்பது யார் பொறுப்பு? 'சிப்' என்கிற மூளைச் சில்லிலேயே தடுப்புச் சுவர் கட்டிவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். சிப் வெறும் ஜடம். அதை ஆட்டி வைக்கிற ஆபரேட்டிங் ஸிஸ்டத்தை ஓட்டை இல்லாமல் அமைப்பதுதான் வழி என்கிறார்கள் வேறு சிலர்.

"இதில் நமக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குத் தாவி விடாதீர்கள். அப்பாவின் பென்ஷன், பையனின் காலேஜ் சம்பளம், அக்காவின் நகைச் சீட்டுக் கணக்கு எல்லாம் இப்போது உங்கள் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் குடியேறியாகி விட்டது. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். கதாநாயகி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

முதலில் திருடன் எப்படி உள்ளே வருகிறான் என்று பார்த்து விடுவோம்.

கம்ப்யூட்டரை ஒரு சமையற்காரராகப் பாவித்துக் கொள்ளுங்கள். அசுர வேகம், கண்ணை மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கான காரியம் செய்து விடுவார். ஆனால் சுயபுத்தி மட்டும் மாகாணி அளவுகூடக் கிடையாது. சமையலறைச் சுவரில் ஒரு பெரிய கரும்பலகை. அதில் எழுதியிருப்பதை வரிசையாகப் படித்து அப்படியே செய்வார். "பருப்பை வேக வை" என்றால் வேக வைப்பார். "வீட்டுக்குத் தீ வை" என்றால் அதையும் முகம் சுளிக்காமல் செய்வார்.

இந்தக் கரும்பலகையின் பெயர்தான் 'மெமரி'. சமையற்காரருக்கு உத்தரவு எழுதுவதும் இதே பலகையில்தான். விருந்தாளிகள் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதுவதும் இதே பலகையில்தான். ஆபத்தெல்லாம் இங்கேதான் ஆரம்பம். விருந்தாளி பெயர் எழுத 512 எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது என்று வையுங்கள். அதை அடுத்து, "இது முடிந்ததும் இன்ன இடத்தில் உள்ள உத்தரவைப் பார்" என்று சமையற்காரருக்கு ஒரு குறிப்பு. ஒரு போக்கிரி விருந்தாளி வருகிறான். 512 எழுத்தோடு நிறுத்தாமல் 536 எழுத்து எழுதுகிறான். உபரி எழுத்துக்கள் அந்தக் குறிப்பின்மேல் ஏறி அதை அழித்து, "மேலே நான் எழுதியிருப்பதைப் பார்" என்று மாற்றி விடுகின்றன. மேலே அவன் எழுதியிருப்பது பெயரா? இல்லை, உத்தரவு! சமையற்காரர் அதைச் சிரமேற்கொண்டு நிறைவேற்றுகிறார். அந்த நிமிஷத்திலிருந்து வீடு அவனுடையது.

இந்த 512, 536 கணக்கு நம் கற்பனை அல்ல. 1988-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் நடந்த சங்கதி. கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்பவர், தானே ஊர்ந்து போய்த் தன்னைப் போலவே குட்டி போடும் ஒரு 'புழு'ப் புரோகிராமை இன்டர்நெட்டில் அவிழ்த்து விட்டார். ஏறக்குறைய 6,000 கம்ப்யூட்டர்கள் மூச்சுத் திணறி நின்றன என்பது அப்போது போட்ட மதிப்பு. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் பிள்ளையாண்டானுடைய தகப்பனார் அமெரிக்க சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிலையத்தில் தலைமை விஞ்ஞானி! 1990-ல் கோர்ட்டு மகனுக்கு மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேர சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பிற்பாடு அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியராகவும் ஆகிவிட்டார்.

இனிப் பூட்டுக் கட்சியின் வாதத்தைக் கேட்போம். "விருந்தாளி எழுதும் இடத்தில் உள்ள எதையும் உத்தரவாக மதிக்காதே என்று சமையற்காரரின் ரத்தத்திலேயே ஊற வைத்து விட்டால் தீர்ந்தது" என்கிறார்கள். வாஸ்தவம்தான். இது புதிய யோசனையும் அல்ல. 1961-ல் பர்ரோஸ் கம்பெனி அறிவித்த பி5000 என்ற யந்திரத்தில், பலகையின் ஒவ்வொரு பகுதிக்கும் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டி எழுதப் போனால் யந்திரமே "நில்!" என்று தடுத்து விடும். மாரிஸ் பிறப்பதற்கு முன்பே அவருக்குப் பூட்டுத் தயாராயிருந்தது என்று சொல்ல வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று? மலிவு வந்தது. 1978-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 8086 என்ற சிப்பில் காவல் என்ற பேச்சே கிடையாது. எந்தப் புரோகிராமும் பலகையில் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். அதன் தம்பியான 8088-ஐ வைத்துத்தான் 1981-ல் ஐ.பி.எம்.மின் பெர்ஸனல் கம்ப்யூட்டர் வந்து உலகத்தையே பிடித்துக் கொண்டது. திண்ணை, ரேழி, கூடம், பூஜை அறை எல்லாம் ஒன்றாகி, கதவே இல்லாத ஒரு வீட்டில் உலகம் குடித்தனம் செய்ய ஆரம்பித்தது.

1982-ல் வந்த 80286 சிப்பில் இன்டெல் நாலு கட்டுக் கோட்டையே அமைத்தது. உள் கட்டில் ராஜா, வெளிக் கட்டில் பிரஜைகள் என்கிற மாதிரி நாலு படி அதிகாரம். ஆனால் அப்போது எங்கும் வழங்கிய டாஸ் என்ற ஆபரேட்டிங் ஸிஸ்டம் அந்தக் கட்டுக்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் வந்த விண்டோஸும் லினக்ஸும் நாலில் இரண்டை மட்டும் வைத்துக் கொண்டன. விருந்தாளி எழுதும் இடத்தில் உள்ளதை உத்தரவாக மதிக்காதே என்ற பூட்டும் அப்படித்தான். ஏ.எம்.டி. கம்பெனி 2003-ல் தன் 64-பிட் சிப்பில் அதை வைத்தது. விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருந்த வீடுகளில் அந்தச் சாவியைத் திருப்பியது 2004 ஆகஸ்டில் வந்த திருத்தப் பதிப்பு. அதாவது, பூட்டுச் செய்பவன் பூட்டைச் செய்து மாட்டலாம். வீட்டு நிர்வாகம் சாவியைத் திருப்பினால்தான் அது பூட்டு. இல்லாவிட்டால் வெறும் இரும்பு.

பூட்டைத் திருப்பிய பிறகாவது திருடன் ஓய்ந்தானா? அவன் வேறு உபாயம் கண்டு பிடித்தான். "நான் எழுதுவதைத்தானே நீ மதிக்க மாட்டாய்? உன் சொந்தச் சமையல் புஸ்தகத்தில் உள்ளதை மதிப்பாய் அல்லவா?" என்றான். புஸ்தகத்தில் பத்தாம் பக்கத்தில் "அடுப்பை மூட்டு" என்று இருக்கிறது. நாற்பதாம் பக்கத்தில் "எண்ணெயை ஊற்று" என்று இருக்கிறது. எல்லாம் யோக்கியமான வரிகள்தான். அவற்றையே தன் இஷ்டப்படி கோத்து, "பத்தாம் பக்கம், பிறகு நாற்பதாம் பக்கம்" என்று வரிசை மட்டும் கொடுத்தால் போதும். வீடு எரிந்து விடும். இந்தத் தந்திரத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 2007-ல் ஹோவாவ் ஷாகம் என்ற ஆராய்ச்சியாளர் விளக்கிக் காட்டினார். திருடன் ஒரு எழுத்துக்கூடப் புது உத்தரவு எழுத வேண்டியதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். மாரிஸின் புழு அந்த ஒரு வழியில் மட்டுமா வந்தது? தபால் பட்டுவாடா செய்யும் புரோகிராமில், பரீட்சை பார்ப்பதற்காக வைத்த ஒரு பின்வாசலை மூட மறந்து விட்டிருந்தார்கள். அதன் வழியாகவும் வந்தது. ஜனங்கள் சுலபமான ரகசியச் சொற்களை வைத்திருப்பார்கள் என்று ஊகித்து, 432 வார்த்தை கொண்ட ஒரு பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தும் வந்தது. இந்த இரண்டையும் எந்தச் சிப்பால் தடுக்க முடியும்? சாவி சரியாயிருக்கிறது, கதவு திறக்கிறது. சாவியைப் போட்டவன் வீட்டுக்காரனா, திருடனா என்பது பூட்டுக்குத் தெரியாது.

இங்கேதான் காவல்காரன் கட்சிக்காரர்கள் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக் கொள்கிறார்கள். "பால்காரனுக்கு வாசல் வரையில்தான் உரிமை. சலவைக்காரருக்கு முற்றம் வரையில். கணக்குப் பிள்ளைக்குப் பெட்டியடி மட்டும். கொத்துச் சாவியை யாரிடமும் கொடுக்காதே. அவரவர் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே அதிகாரம்." இதுதான் அவர்களுடைய மூல மந்திரம். எவனாவது ஒருவன் கெட்டுப் போனாலும் அவனுடைய எல்லைக்குள்தானே நாசம்? உங்கள் ஆண்ட்ராய்டு டெலிபோனில் ஒவ்வொரு புரோகிராமும் ஒண்டுக் குடித்தனக்காரர் மாதிரி தனித் தனி அறையில் அடைபட்டிருப்பது இந்தக் கொள்கையினால்தான்.

இந்தக் கட்சியின் சாதனைகளில் தலைசிறந்தது ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தில் நடந்தது. ஸெல்4 என்ற ஆபரேட்டிங் ஸிஸ்டக் கருவை அமைத்தவர்கள், "சோதித்துப் பார்த்தோம், நன்றாயிருக்கிறது" என்று சொல்லித் திருப்தி அடையவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜியாமிதித் தேற்றம் நிரூபிப்போமே, அந்த மாதிரி, அந்தக் கரு தனக்கு விதித்ததைத்தான் செய்யும், வேறெதுவும் செய்யாது என்று 2009-ல் கணித ரீதியாக நிரூபித்தார்கள். புரோகிராம் சுமார் 8,700 வரி. அதற்கான நிரூபணம் சுமார் இரண்டு லட்சம் வரி! வீடு கட்டியதைவிட, வீடு விழாது என்று பத்திரம் எழுதிய காகிதம் அதிகம்.

"அப்படியானால் காவல்காரன் கட்சிக்குத்தானே ஜயம்?" என்று கேட்பீர்கள். பொறுங்கள். அந்த நிரூபணத்தின் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: கீழே உள்ள யந்திரம் தன் விதிப்படி ஒழுங்காக நடக்கும் என்பது அது. யந்திரம் ஒழுங்கு தவறினால்?

இதற்கும் பழைய கதை ஒன்று உண்டு. 1965-ல் எம்.ஐ.டி.யும் பெல் ஆராய்ச்சிக் கூடமும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற ஆபரேட்டிங் ஸிஸ்டத்தை அமைக்கத் தொடங்கின. பாதுகாப்புக்கென்றே யோசித்து யோசித்துக் கட்டிய கட்டடம். அமெரிக்க விமானப் படைக்காக பால் கார்கர், ரோஜர் ஷெல் என்ற இருவர் அதைச் சோதித்து 1974-ல் அறிக்கை கொடுத்தார்கள். புரோகிராமில் ஓட்டைகள் கண்டு பிடித்ததோடு நிற்கவில்லை. யந்திரத்தின் பூட்டையே ஓயாமல் தட்டித் தட்டிப் பார்க்கும் ஒரு சின்னப் புரோகிராமை எழுதி ஓட விட்டார்கள். ஒரு குறிப்பிட்ட விதமாக உத்தரவுகளைக் கோத்துக் கொடுத்தால், "உனக்கு இங்கே வர அனுமதி உண்டா?" என்று கேட்கவே யந்திரம் மறந்து விடுகிறது என்பது வெளியாயிற்று.

இதே பாடத்தை உலகம் 2018 ஜனவரி 3-ந் தேதி மறுபடியும் படித்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு குறைகள் அன்று அம்பலமாயின. இவை புரோகிராம் குறைகள் அல்ல. சிப்பின் குணத்திலேயே உள்ள குறைகள்.

வேகத்துக்காக இந்தக் காலத்துச் சிப்புக்கள் ஜோஸ்யம் பார்க்கும். காபி ஹோட்டலில் கெட்டிக்காரச் சர்வர், நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களுக்கு வேண்டியதை ஊகித்துத் தயாராக வைக்கிறார் அல்லவா? அந்த மாதிரி. ஊகம் தப்பினால் காபியைக் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நின்று விடும். உங்களுக்குக் கொடுக்கக் கூடாத சமாசாரத்தைக்கூட, அனுமதி பார்த்து முடிவதற்குள், ஊகத்தில் எடுத்து விட்டுப் பிறகு "கிடையாது" என்று கையை விரிக்கும். காபியைக் கொட்டியாகி விட்டது. ஆனால் டம்ளர் சூடாயிருக்கிறதே! வரிசையாக வைத்த டம்ளர்களில் எது சூடு என்று தொட்டுப் பார்த்தே, உள்ளே இருந்த ரகசியம் இன்னதென்று திருடன் எழுத்துக்கு எழுத்து கண்டு பிடித்து விடலாம். மெல்ட்டவுன் செய்தது இதைத்தான்.

விற்றுப்போன கோடிக்கணக்கான சிப்புக்களைத் திரும்பி வாங்க முடியுமா? முடியாது. கடைசியில் யார் வந்து மானத்தைக் காப்பாற்றினார்கள் என்றால், ஆபரேட்டிங் ஸிஸ்டக்காரர்கள்தான்! மெல்ட்டவுனுக்காக, ரகசியங்கள் இருக்கும் பகுதியைச் சாதாரணப் புரோகிராம்களின் பார்வையிலிருந்தே மறைத்து வைத்தார்கள். அதனால் வேகம் சற்றுக் குறைந்தது. பூட்டில் ஓட்டை, காவல்காரன் குறுக்கே பாய் போட்டுப் படுத்துக் கொண்டான்.

ஆக, வழக்கின் தீர்ப்பு என்ன? இரண்டு பேருக்கும் வெவ்வேறு வேலை என்பதுதான். சிப்புக்குத் தெரிவது எல்லை; ஆளைத் தெரியாது. 'இந்த இடத்தில் கை வைக்கலாமா' என்பதை ஒவ்வொரு உத்தரவுக்கும் அலுக்காமல் பார்க்க அதனால்தான் முடியும். ஆபரேட்டிங் ஸிஸ்டத்துக்கு ஆள் தெரியும். யாருக்கு எவ்வளவு உரிமை என்று அதுதான் நிர்ணயிக்க வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆபரேட்டிங் ஸிஸ்டத்தில் தவறு இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தம் அனுப்பி விடலாம். சிப்பில் தவறு இருந்தால், அந்த யந்திரம் பழைய பேப்பர்க்காரரிடம் போகும் வரையில் பெரும்பாலும் தவறும் கூடவே இருக்கும். ஆகையால், சிப்பில் வைக்கும் விதிகள் சிலவாக, எளியவையாக, என்றும் மாறாதவையாக இருக்க வேண்டும். மாறக் கூடிய தர்ம சாஸ்திரத்தையெல்லாம் ஆபரேட்டிங் ஸிஸ்டத்தில் வைத்துக் கொள்வதே விவேகம்.

விஷயம் தெரிந்தவர்கள் இப்போது இந்த வழியில்தான் போகிறார்கள். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையும் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. ஸ்தாபனமும் 2010-ல் ஆரம்பித்த செரி என்ற திட்டத்தில், மெமரியில் எந்த இடத்தைத் தொடுவதற்கும் ஒரு டோக்கன் வேண்டும். எங்கிருந்து எதுவரை, படிக்கலாமா, எழுதலாமா என்பதெல்லாம் டோக்கனிலேயே இருக்கும். கள்ள டோக்கன் செல்லாது. 2022 ஜனவரியில் ஆர்ம் கம்பெனி இதற்காக மொரெல்லோ என்ற சோதனைப் பலகையைச் செய்து கொடுத்தது. ஆர்ம் 2018-ல் அறிவித்த வேறொரு முறையில், மெமரியின் ஒவ்வொரு 16 எழுத்து இடத்துக்கும் பதினாறு வர்ணங்களில் ஒன்றைப் பூசி வைக்கிறார்கள். கையில் உள்ள சீட்டின் வர்ணமும் இடத்தின் வர்ணமும் ஒத்துப் போகாவிட்டால் யந்திரம் கூச்சல் போடும். திருடன் குருட்டாம்போக்கில் அடித்துத் தப்பிப்பதற்குப் பதினாறில் ஒன்று, அதாவது மாகாணி அளவு வாய்ப்புத்தான்! இந்த இரண்டு முறையிலும் டோக்கன் கொடுப்பதும் வர்ணம் பூசுவதும் ஆபரேட்டிங் ஸிஸ்டமும் புரோகிராம்களும். சரி பார்ப்பது சிப். நமது சென்னை ஐ.ஐ.டி.யிலும் 2018-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டிய சக்தி என்ற சிப்பை உருவாக்கியவர்கள், மெமரிக் காவலைச் சிப்பிலேயே அமைக்கும் ஆராய்ச்சியையும் செய்திருக்கிறார்கள்.

பூட்டும் காவல்காரனும் கை கோத்துக் கொண்டால் நாம் நிம்மதியாகத் தூங்கலாமா? மூன்றாவது ஆள் ஒருவர் பாக்கி இருக்கிறார். அவர் வீட்டுக்காரர்.

2017-ம் வருஷம் மார்ச் 14-ந் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனி விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. காசு இல்லை, வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மே 12-ந் தேதி, அதே ஓட்டை வழியாக வன்னாக்ரை என்ற புழு புகுந்தது. நடுவில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மாதம்! சுமார் 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் கோப்புக்களைப் பூட்டி வைத்துவிட்டு, "300 டாலர் கொடு" என்று கேட்டது. பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. 6,912 நோயாளிகளின் முன் ஏற்பாடுகள் ரத்தானது கணக்கில் வந்தது. மொத்தம் 19,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஆபரேஷனுக்காகக் காத்திருந்தவர்களும் அதில் உண்டு. தாழ்ப்பாள் வந்திருந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஆகவே, உங்கள் டெலிபோன் "திருத்தம் வந்திருக்கிறது, போட்டுக் கொள்ளட்டுமா?" என்று கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். திருத்தம் வருவது நின்றுபோன பழைய டெலிபோனில் பாங்கிக் கணக்கு வைத்துக் கொள்ளாதீர்கள். டார்ச் விளக்குப் புரோகிராம் ஒன்று, உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க உத்தரவு கேட்டால், "விளக்குக்கு எதற்கு ஐயா என் கடிதம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. தெரியாத நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று சொல்லிக்கொண்டு ஒரு கோப்பு வரும். திறந்தால் முகூர்த்த நேரம் இருக்காது. "என்னை உள்ளே அமர்த்திக் கொள்" என்று கேட்கும். சிப் உங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. ஆபரேட்டிங் ஸிஸ்டம்கூட, "ஜாக்கிரதை, நிஜமாகவே வேண்டுமா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுப் பார்க்கும். நீங்களே, "ஆமாம், ஆமாம்" என்று விரலால் ஒத்தினால், அப்புறம் அது என்ன செய்யும்? எஜமான் உத்தரவு ஆயிற்றே! யார் வீட்டுக் கல்யாணம் என்று போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பத்திரிகையைப் பிரியுங்கள். நிஜமான கல்யாணமாயிருந்தால் அவர்கள் மறுபடியும் அழைக்காமலா போய்விடுவார்கள்?